சக்கரமில்லாத விமானங்கள் இறங்கிய துறைகள்: ஆறு நாட் குறிப்புகள்

முதலாம் நாள்: கீ வெஸ்ட்

ரொறன்ரோவிலிருந்து மியாமிக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து மகள் ஓட்டிய வாடகைக் காரில், தீவுக்குத் தீவு கடலின் மேல் நீண்டு செல்லும் பாலங்களைக் கடந்து, வெயில் தணியும் நேரத்தில் கீ வெஸ்ட் வந்து சேர்ந்தோம். இந்த ஊருக்கு வருபவர்களிற் பெரும்பாலானோர் சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்ப்பதற்காகக் கரையோரம் கூடுகிறார்கள். நான் தேடி வந்தது வைட்ஹெட் வீதியில் நிற்கும் ஒரு பழைய கட்டடத்தை. பான் அமெரிக்கன் விமான நிறுவனம் தன் முதற் பயணச்சீட்டுகளை விற்ற இடம் அது, இப்போது உணவகமாகிவிட்டது. பொரித்த மீனும் வாழைக்காயும் சாப்பிட்டுக்கொண்டே அதன் சுவர்களை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பயணத்தின் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் திருகோணமலையிற் பிறந்து வளர்ந்தவன். 1941ஆம் ஆண்டு நத்தார் தினத்தில், எங்கள் துறைமுகத்தில், ஓர் அமெரிக்கப் பயணிகள் விமானம் நீரில் மிதந்தபடி பழுதுபார்க்கப்பட்டது என்ற செய்தியை அறுபது வயதைக் கடந்த பிறகே அறிந்தேன். பள்ளிக்கூடத்தில் எவரும் சொல்லித் தந்ததில்லை. அந்த விமானம் எங்கிருந்து வந்தது, எதற்காகச் சக்கரமே இல்லாமற் கட்டப்பட்டது, அதைக் கட்டியவர்களும் ஓட்டியவர்களும் யார் என்று வாசிக்கத் தொடங்கி, கடைசியில் அந்தத் துறைகளைக் கண்ணாற் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில் வந்து நின்றேன். திருகோணமலைக் கதையை நியூயோர்க் போய்ச் சேர்ந்த பிறகு எழுதுவேன். அந்த விமானமும் நியூயோர்க்கில்தான் போய் முடித்தது.

கியூபாவின் தலைநகர் ஹவானா இங்கிருந்து 90 மைல் தொலைவில் இருக்கிறது. அமெரிக்கத் தபாற் பைகளை அங்கே கொண்டு செல்லும் ஒப்பந்தம் 1927இல் பான் அமெரிக்கனுக்குக் கிடைத்திருந்தது. ஆனால் ஒக்டோபர் 19ஆம் திகதிக்குள் சேவை தொடங்காவிட்டால் ஒப்பந்தம் கைவிட்டுப் போய்விடும். நிறுவனம் வாங்கியிருந்த மூன்று இயந்திர ஃபொக்கர் விமானம் வந்து இறங்குவதற்குரிய தரை மழையிற் சேறாகிக் கிடந்தது. அந்த வேளையில், வேறொரு சிறு நிறுவனத்துக்குச் சொந்தமான, மிதவைகள் பூட்டிய ஒற்றை இயந்திர விமானம் ஒன்று தற்செயலாகக் கீ வெஸ்ட் துறைமுகத்தில் நின்றது. அதன் விமானி சை கோல்ட்வெல்லிடம் பேசி, கூலி கொடுத்து, குறித்த நாளிலேயே தபாலை ஹவானாவில் இறக்கினார்கள். ஒன்பது நாட்கள் கழித்து, ஒக்டோபர் 28ஆம் திகதி, ஃபொக்கர் தன் முதல் ஒழுங்கான பறப்பைத் தொடங்கியது. பின்னாளில் உலகத்தையே சுற்றிய நிறுவனத்தின் முதற் பறப்பு, நிலத்தில் இறங்க இடமில்லாமல் இரவல் மிதவை விமானத்தில் நடந்ததை நினைக்க எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்நிறுவனத்துக்கு வந்த இடையூறுகளிற் பாதி இதே வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்குக் கண்ட வழியும் இதுவே.

அதற்குத் தலைமை தாங்கிய ஹுவான் ட்ரிப்புக்கு அப்போது வயது 28. பெயர் ஸ்பானியப் பெயராக ஒலித்தாலும் அவர் ஸ்பானியர் அல்லர். யேல் பல்கலைக்கழகத்திற் படித்த, செல்வந்தர்களை நண்பர்களாகக் கொண்ட அமெரிக்கர். 1928 ஜனவரியிற் பயணிகள் சேவையும் தொடங்கியது. அக்காலத்தில் அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தபடியால், ஹவானா போய்வர விரும்பியோருக்குக் குறைவிருக்கவில்லை.

இரண்டாம் நாள்: டின்னர் கீ, மியாமி

“அப்பா, இது நகரசபைக் கட்டடம் எண்டு போட்டிருக்கு. உள்ள போக விடுவினமோ?” என்று மகள் வாசலிற் காரை நிறுத்திவிட்டுக் கேட்டாள். விட்டார்கள். காவலாளி எங்களுடைய பைகளைப் பார்த்துவிட்டு, எதற்காக வந்தோம் என்றுகூடக் கேட்காமல், பழைய படங்கள் மாட்டியிருக்கும் சுவரைக் கையாற் காட்டினார். எங்களைப் போல் வருபவர்களை அவர் நன்றாக அறிவார் போலும்.

கொக்கனட் குரோவ் என்ற பகுதியில், பிஸ்கேன் விரிகுடாவின் கரையில் நிற்கும் இந்த வெள்ளைக் கட்டடம் 1934இல் பான் அமெரிக்கனின் கடல் விமான முனையமாகத் திறக்கப்பட்டது. டெலானோ, ஆல்ட்ரிச் என்ற நியூயோர்க் கட்டடக் கலைஞர்கள் வரைந்தது. அதற்கு முன்னர், ஹவானாவிலிருந்து இழுத்து வரப்பட்ட ஒரு படகு வீடே இங்கே முனையமாகப் பயன்பட்டதாம். வெளிச்சுவரின் மேல்விளிம்பிற் சிறகு முளைத்த பூகோளங்களும் உதயசூரியன்களும் கழுகுகளும் வரிசையாக நிற்கின்றன. கூடத்தின் நடுவில் முன்பு ஒரு மாபெரும் பூகோள உருண்டை சுழன்றுகொண்டிருந்தது. பத்தடி விட்டம், மூன்று டன்னுக்கு மேல் எடை. அது இப்போது இங்கே இல்லை. 1954இலிருந்து நகரசபை இங்கே கூடுகிறது. பயணிகள் சீட்டுக் காட்டிய இடத்தில் உறுப்பினர்களின் கதிரைகள் அரைவட்டமாகக் கிடந்தன.

கட்டடத்தின் பின்பக்கம் போனால் பாய்மரப் படகுகளின் கொடிமரக் காடு ஒன்று தெரிகிறது. அந்த நீரிலேதான் பறக்கும் படகுகள் வந்து இறங்கின. நான் அங்கே ஒரு மணித்தியாலம் நின்றேன். மகள் இரண்டு தடவை கோப்பி வாங்கப் போய் வந்தாள்.

மிதவை விமானமும் பறக்கும் படகும் ஒன்றல்ல. முன்னையது சாதாரண விமானத்துக்குக் கீழே இரண்டு மிதவைகளைப் பூட்டியது. பின்னையதற்கு உடலே படகு. அடிவயிறு கப்பலின் அடிப்பாகம் போல் வளைந்து, அதன் நடுவில் ஒரு படி வெட்டியிருக்கும். நீரில் வேகமெடுக்கும்போது அந்தப் படியில் நீர் ஒட்டாமற் பிரிந்து காற்று புகுந்தாலன்றி விமானம் எழும்பாது; நீரின் உறிஞ்சல் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே, நமக்கு எதிர்மாறாகத் தோன்றினாலும், அலையே இல்லாத கண்ணாடி நீர் விமானிகளுக்குப் பிடிக்காத நீர். பாரமேற்றிய விமானம் எழுவதற்காக, விசைப்படகை முன்னால் ஓட விட்டு நீரைக் கலக்கி அலை எழுப்புவதும் உண்டு. இறங்கும்போதும் கண்ணாடி நீரின் மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று கண்ணால் மட்டிட முடியாது.

எதற்காக இத்தனை சிரமம் என்ற கேள்விக்கு விடை எளிது. 1930களின் தொடக்கத்தில் கரிபியன் தீவுகளிலும் தென்னமெரிக்கக் கரைகளிலும் நீண்ட, இறுகிய ஓடுதளங்கள் அருமையாகவே இருந்தன. ஆனால் ஏறக்குறைய எல்லாப் பெரிய பட்டணங்களுக்கும் ஒரு துறைமுகமாவது இருந்தது. எரிபொருளும் பயணிகளும் நிறைந்த பாரமான விமானத்துக்கு எழும்ப நீண்ட ஓட்டம் வேண்டும். நீர்ப்பரப்பு அதை இலவசமாகவே தந்தது. ஓடுதளம் கட்டப் பணம் கேட்க வேண்டியதில்லை, மரங்களை வெட்ட வேண்டியதில்லை. மிதவைத் துறை ஒன்று, எரிபொருட் படகு ஒன்று, வானொலிக் கம்பம் ஒன்று போதும். நடுவழியில் இயந்திரம் நின்றாற் கடலில் இறங்கலாம் என்ற ஆறுதல் பயணிகளுக்கு இருந்தது. நடுக்கடல் அலையில் அந்த ஆறுதல் எவ்வளவு செல்லும் என்பதை ஆறாம் நாட் குறிப்பில் எழுதுவேன்.

செலவுகளும் இருந்தன. உப்பு நீர் உலோகத்தைத் தின்னும். ஆகவே விமானத்தைச் சக்கரத் தொட்டிலில் ஏற்றிச் சாய்தளத்தால் கரைக்கு இழுத்து, நன்னீரிற் கழுவ வேண்டும். மிதக்கும் ஒரு மரக்கட்டை அடிவயிற்றைக் கிழித்துவிடக்கூடும். பனிக்காலத்தில் வடக்கே நீர் உறைந்துவிடும்.

1931 நவம்பர் 19ஆம் திகதி, ஈகோர் சிகோர்ஸ்கி வடிவமைத்த எஸ்-40 விமானம் மியாமியிலிருந்து பனாமாவை நோக்கிப் புறப்பட்டது. ஓட்டியவர், அத்திலாந்திக்கைத் தனியாகப் பறந்து கடந்து புகழ்பெற்ற சார்ள்ஸ் லிண்ட்பேர்க். வடிவமைத்தவரும் உள்ளே அமர்ந்திருந்தார். அதற்கு ‘அமெரிக்கன் கிளிப்பர்’ என்று பெயரிட்டார்கள். கிளிப்பர் என்பது முந்திய நூற்றாண்டில் தேயிலை ஏற்றி விரைந்த பாய்மரக் கப்பல்களின் பெயர். அன்றிலிருந்து நிறுவனம் மூடப்படும் வரை அதன் விமானங்கள் அப்பெயராலேயே அறியப்பட்டன. பெயரோடு கப்பலின் வழக்குகளும் வந்தன: விமானி ‘கப்டன்’ ஆனார், சீருடை கடற்படையினுடையதைப் போல் கருநீலமானது, வேகம் கடல் மைலில் அளக்கப்பட்டது. இவற்றில் விளம்பரமும் பெருமளவு கலந்திருந்தது என்பது என் எண்ணம். பறக்க அஞ்சியவர்களுக்குக் கப்பல் பழகிய பொருள். அந்தப் பழக்கத்தையே சீட்டோடு சேர்த்து விற்றார்கள்.

மூன்றாம் நாள்: மியாமி விமான நிலையம்

நியூயோர்க் செல்லும் விமானம் ஐந்து மணித்தியாலம் தாமதம். காரணம் என்னவென்று கேட்ட ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் கிடைத்தது. ஆகவே, இந்தப் பயணத்தில் நான் போக முடியாத பசிபிக் கரையைப் பற்றி இங்கிருந்தே எழுதிவிடுகிறேன்.

அத்திலாந்திக்கைக் கடக்கவே ட்ரிப் முதலில் விரும்பினார். ஆனால் பிரித்தானியர் தங்களிடம் அதற்கேற்ற விமானம் வரும்வரை இறங்கும் உரிமையைத் தர ஆயத்தமாக இல்லை. பசிபிக்கில் அந்தத் தொல்லை இல்லை. ஹொனலூலு, மிட்வே, வேக், குவாம், மணிலா என எல்லாமே அமெரிக்கக் கொடியின் கீழ் இருந்தன. ஒரே தடையாக இருந்தது தூரம்: சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹொனலூலு 2,400 மைல், நடுவில் ஒரு பாறைகூட இல்லை.

1935 மார்ச்சில் ‘நோர்த் ஹேவன்’ என்ற வாடகைக் கப்பல், குடியிருப்புகளும் மின்பிறப்பாக்கிகளும் எரிபொருளும் உணவும் ஏற்றிக்கொண்டு அத்தீவுகளை நோக்கிப் புறப்பட்டது. வேக் தீவில் மனிதர் வாழ்ந்ததில்லை. குடிக்க நன்னீர் ஊற்று இல்லை. நீர்நிலைக்குள் எழுந்து நின்ற பவளப் பாறைகளை ஒவ்வொன்றாக வெடிவைத்துத் தகர்த்தால்தான் விமானம் இறங்க முடியும். அங்கே ஒரு விடுதி கட்டி, மண்ணே இல்லாமல் நீரில் உரம் கலந்து காய்கறி வளர்த்து, பயணிகளுக்கு இராச்சாப்பாடு பரிமாறினார்கள். வழியைக் காட்டியது ஹ்யூகோ லொயிட்டரிட்ஸ் உருவாக்கிய வானொலித் திசைகாட்டும் கருவி. அது இல்லாமல் வேக் போன்ற ஒரு புள்ளியைக் கடலிற் கண்டுபிடிப்பது குருட்டாட்டமாகவே இருந்திருக்கும்.

அவ்வாண்டு நவம்பர் 22ஆம் திகதி, மார்ட்டின் எம்-130 வகையைச் சேர்ந்த ‘சைனா கிளிப்பர்’ ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்களோடு சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலிருந்து எழுந்தது. கப்டன் எட்வின் மியூசிக். வழிகணிப்பவர் பிரெட் நூனன். கட்டப்பட்டுக்கொண்டிருந்த புதிய பாலத்துக்கு மேலால் பறந்து செல்வதே திட்டம். ஆனால் பாரம் மிகுந்த விமானம் போதிய உயரம் எடுக்காததைக் கண்ட மியூசிக், கடைசிக் கணத்தில் தொங்கிக்கொண்டிருந்த கம்பிகளுக்குக் கீழாகவே அதைச் செலுத்திவிட்டார். துணைக்குப் பறந்து வந்த சிறு விமானங்களும் அது வரவேற்பின் ஒரு பகுதி என்று எண்ணிப் பின்தொடர்ந்தன. நவம்பர் 29ஆம் திகதி மணிலா. பறந்த நேரம் மட்டும் 59 மணி 48 நிமிடம்.

அடுத்த ஆண்டு ஒக்டோபரிற் பயணிகள் சேவை தொடங்கியபோது மணிலாவுக்கு ஒருவழிக் கட்டணம் 799 டொலர். அக்காலத்தில் ஒரு தொழிலாளியின் பல மாதச் சம்பளம் அது. எம்-130 மூன்றே மூன்றுதான் கட்டப்பட்டன, மூன்றும் விபத்திலேயே அழிந்தன: ‘ஹவாய் கிளிப்பர்’ 1938இல் குவாமுக்கும் மணிலாவுக்கும் இடையே சுவடின்றி மறைந்தது, ‘பிலிப்பைன் கிளிப்பர்’ 1943இல் கலிபோர்னிய மலையில் மோதியது, ‘சைனா கிளிப்பர்’ 1945இல் திரினிடாட்டில் இறங்கும்போது உடைந்தது. மியூசிக் 1938 ஜனவரியில் சமோவா அருகே சிகோர்ஸ்கி விமானம் ஒன்று வானில் வெடித்து இறந்தார். நூனன் அதற்கு முந்திய ஆண்டே பெண் விமானி அமேலியா இயர்ஹார்ட்டுடன் பறந்தபோது காணாமற் போயிருந்தார்.

1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் வேக் தீவைத் தாக்கியபோது ‘பிலிப்பைன் கிளிப்பர்’ அங்கே துறையில் நின்றது. குண்டுத் துளைகளோடு, பயணிகளையும் நிறுவனத்தின் வெள்ளை ஊழியர்களையும் ஏற்றிக்கொண்டு அது தப்பிப் பறந்தது. விடுதியிற் சமைத்தும் பரிமாறியும் வந்த குவாம் தீவுச் சமோரோ ஊழியர்கள் கரையில் விடப்பட்டார்கள். வெள்ளி முள்ளும் வெண்ணிற மேசைவிரிப்புமாகக் கிளிப்பர்களின் பெருமை பேசும் எழுத்துகளில் இது ஒரு வரியாகவாவது வர வேண்டும்.

விமானத்துக்கு அழைக்கிறார்கள். மீதி நாளை.

நான்காம் நாள்: லகார்டியா, நியூயோர்க்

லகார்டியா விமான நிலையத்தின் பெரிய முனையங்களிலிருந்து ஒதுங்கி, நீரோரம் வட்டமாக நிற்கிறது கடல் விமான முனையம். 1940 மார்ச் இறுதியில் திறக்கப்பட்டது. மியாமியில் நாம் பார்த்த டெலானோவே இதையும் வரைந்தவர். வெளிச்சுவரைச் சுற்றிப் பொன்னிறமாகப் பறக்கும் மீன்கள் ஓடுகின்றன. இது இன்றும் பயணிகள் முனையமாகவே இருப்பதால், சக்கரப் பெட்டிகளை இழுத்துச் செல்பவர்களுக்கு நடுவில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

உள்ளே வட்டச் சுவர் முழுவதும், பன்னிரண்டடி உயரத்தில், ஜேம்ஸ் புரூக்ஸ் 1942இல் வரைந்து முடித்த ‘பறப்பு’ என்ற சுவரோவியம். பறக்க ஏங்கிய ஆதி மனிதரிலிருந்து பறக்கும் படகு வரை அது நீள்கிறது. 1950களில், இடதுசாரிச் சந்தேகங்கள் மலிந்த காலத்தில், யாரோ அதன் மேற் சுவர்ச்சாயத்தைப் பூசிவிட்டார்கள். 1980இல் மீண்டும் வெளிக்கொணரப்பட்டது. ஒரு மூலையில், வரைபடத்தின் மேற் குனிந்து நிற்கும் மனிதர்களைப் பார்த்ததும் எனக்கு, திருகோணமலைக்கு வந்த அந்த விமானத்தின் கப்டன் ரொபர்ட் ஃபோர்டின் நினைவு வந்தது.

போயிங் 314 வகையைச் சேர்ந்த ‘பசிபிக் கிளிப்பர்’ 1941 டிசம்பர் தொடக்கத்தில் கலிபோர்னியாவிலிருந்து நியூசிலாந்தின் ஒக்லாந்துக்குப் புறப்பட்டது. நியூகலிடோனியாவைக் கடந்து நியூசிலாந்தை நெருங்கும் வேளையில், ஹவாயிலுள்ள பேர்ள் ஹார்பரை ஜப்பானியர் தாக்கிய செய்தி வானொலியில் வந்தது. வந்த வழியே திரும்ப முடியாது. ஒக்லாந்தில் ஒரு வாரம் காத்திருந்த பிறகு கிடைத்த உத்தரவு: மேற்கு நோக்கியே பறந்து, உலகத்தைச் சுற்றி, நியூயோர்க் வந்து சேரவும். அந்த வழிக்கு அவர்களிடம் வரைபடம் இல்லை. கப்டன் ஃபோர்டின் குழுவினர் ஒக்லாந்து நூலகத்துக்குப் போய் நிலவியல் நூல்களையும் படத்தொகுப்புகளையும் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள்.

அவுஸ்திரேலியாவின் கிளாட்ஸ்டன், டார்வின், பிறகு டச்சு ஆட்சியிலிருந்த சுரபாயா. அங்கே விமான எரிபொருள் கிடைக்கவில்லை. காருக்கு ஊற்றும் பெற்றோலே கிடைத்தது. மிச்சமிருந்த நல்ல எரிபொருளில் எழும்பி, மேலே போனதும் கார்ப் பெற்றோலுக்கு மாற்றினார்கள். இயந்திரங்கள் இருமின, வெடித்தன, ஆனால் நிற்கவில்லை. இந்துமாகடலைக் குறுக்கே கடந்து இலங்கையை நெருங்கும்போது, முகிலுக்குக் கீழே இறங்கிப் பார்த்தால் கண்முன் ஒரு ஜப்பானிய நீர்மூழ்கி. அதன் மேற்தளத்திலிருந்து ஆட்கள் பீரங்கியை நோக்கி ஓடுவதைக் கண்டு, ஃபோர்ட் மறுபடி முகிலுக்குள் ஏறிவிட்டார் என்று குழுவினர் பின்னர் சொன்னார்கள். அதன் பிறகே திருகோணமலைத் துறைமுகம்.

எங்கள் துறைமுகத்தை அறிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. மலைகள் சூழ்ந்து, எந்தப் பருவக்காற்றுக்கும் அசையாத ஆழ்ந்த நீர். அதற்காகவே பிரித்தானியக் கடற்படை அதைக் கைவிடாமல் வைத்திருந்தது. டிசம்பர் மாதம் எங்களுக்கு மாரிக்காலம். வானம் கறுத்து, கடல் ஈய நிறமாகி, கோணேசர் கோயிற் பாறையின் அடியில் அலை இடிக்கும் ஓசை ஊருக்குள்ளேயும் கேட்கும். டிசம்பர் 24ஆம் திகதி கராச்சியை நோக்கி எழுந்த கிளிப்பரின் இயந்திரம் ஒன்று சிறிது நேரத்திலேயே வெடித்து எண்ணெயைக் கக்கியது. திரும்பி வந்து துறைமுகத்தில் இறங்கினார்கள். உருளை ஒன்று அதன் பிடியை விட்டுக் கழன்றிருந்தது. அந்த இயந்திரத்துக்குரிய கருவி ஊரில் எங்கும் கிடையாது. ஆகவே நத்தார் நாள் முழுவதும் பொறியாளர்கள் தேவையான கருவியைத் தாங்களே செய்து பழுதுபார்த்து, 26ஆம் திகதி மறுபடி புறப்பட்டார்கள். கராச்சிக்கும் திருகோணமலைக்கும் இடையில் இந்தியத் தீபகற்பம் குறுக்கே கிடக்கிறது. சக்கரமில்லாத விமானத்துக்கு அதுவே கடலைக் காட்டிலும் அச்சமூட்டும் வழியாக இருந்திருக்க வேண்டும். வயல்வெளியில் அது இறங்க முடியாது.

கராச்சி, பஹ்ரைன், கார்ட்டூமில் நைல் நதி, லியோபோல்ட்வில்லில் கொங்கோ நதி, அங்கிருந்து அத்திலாந்திக்கைத் தாண்டி பிரேசிலின் நட்டால் என்று 3,500 மைலுக்கு மேல் ஒரே மூச்சில். 1942 ஜனவரி 6ஆம் திகதி அதிகாலையில், ஒக்லாந்திலிருந்து வருகிறோம் என்று லகார்டியாக் கோபுரத்துக்கு வானொலியில் அறிவித்தபோது, அங்கிருந்தவர்களால் நம்ப முடியவில்லை. இருளில் நீரில் இறங்க அனுமதி இல்லாததால், 31,500 மைல் பறந்து வந்த விமானம் விடியும் வரை வானில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. இறங்கியபோது சிதறிய நீர் உடலிலேயே உறைந்ததாம்.

முனையத்தின் பின்னால், வேலிக்கு அப்பால், அந்த நீரைப் பார்த்தேன். பழுப்பு நிறம், இரண்டு வாத்துகள். “உங்கட திருகோணமலைத் தண்ணி இதைவிட வடிவு” என்றாள் மகள். அவள் அங்கே ஒரே ஒருமுறைதான் போயிருக்கிறாள்.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது சீனக்குடா எண்ணெய்க் குதங்களைப் பற்றியும், 1942 ஏப்ரலில் ஜப்பானியர் போட்ட குண்டுகளைப் பற்றியும் பெரியவர்கள் ஓயாமற் சொல்வார்கள். அதற்கு மூன்றரை மாதங்களுக்கு முன்னர் வந்து போன விருந்தாளியை எவரும் சொன்னதில்லை. போர்க்காலத் துறைமுகத்தில் இன்னுமொரு பறக்கும் படகு எவருடைய கண்ணிலும் தங்கியிராது என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் நாள்

பகலில் ஓய்வு. இரவு ஷனனுக்கு விமானம். எழுத வேறொன்றுமில்லை.

ஆறாம் நாள்: ஃபொயின்ஸ், அயர்லாந்து

நியூயோர்க்கிலிருந்து ஷனனுக்கு ஆறு மணித்தியாலம். 1939 ஜூலையில் ‘யாங்கி கிளிப்பர்’ வடக்கு வழியாக, கனடாவின் ஷெடியாக்கிலும் நியூபவுண்ட்லாந்தின் பொட்வூட்டிலும் தங்கி, 9ஆம் திகதி ஃபொயின்ஸ் வந்து சேர்ந்தது. அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் ஏழு கடல்களின் நீர் நிறைத்த போத்தலை உடைத்துப் பெயர் சூட்டிய விமானம் அது. அதற்கு முந்திய மாதம் 28ஆம் திகதி, ‘டிக்சி கிளிப்பர்’ 22 பயணிகளோடு அசோர்ஸ் தீவுகள் வழியாகத் தெற்கே புறப்பட்டு, அத்திலாந்திக்கின் முதல் விமானப் பயணிகள் சேவையைத் தொடங்கியிருந்தது. ஒருவழிக் கட்டணம் 375 டொலர். இரண்டே மாதத்திற் போர் மூண்டது. அதன் பின் லிஸ்பனுக்குப் போய் வந்த கிளிப்பர்களில் இடம் பிடிக்க, ஐரோப்பாவை விட்டுத் தப்ப நினைத்தவர்கள் வாரக்கணக்கிற் காத்திருந்தார்கள்.

ஃபொயின்ஸ் ஷனன் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள ஒரு சின்னத் துறைமுக ஊர். ஒரே வீதி, சில மதுச்சாலைகள், மழை. பழைய முனையக் கட்டடமே நூதனசாலையாகியிருக்கிறது. உள்ளே ஒரு போயிங் 314இன் முழு அளவு மாதிரி நிற்கிறது. மொத்தம் பன்னிரண்டு கட்டினார்கள். 1950களின் தொடக்கத்துக்குள் எல்லாமே மூழ்கியோ உடைத்து உலோகமாக விற்கப்பட்டோ போய்விட்டன, ஒன்றுகூட மிஞ்சவில்லை. இத்தனை நாட்களாக நான் காத்திருப்புக் கூடங்களை மட்டுமே பார்த்து வந்ததன் காரணம் அதுதான். ஆகவே இந்த மாதிரிக்குள் ஏறியபோது, அது செய்பொருள் என்பது தெரிந்தும், கொஞ்சம் மூச்சு வாங்கியது. படி ஏறியதால் என்று மகளிடம் சொன்னேன்.

உடல் நீளம் 106 அடி. இறக்கை 152 அடி. பக்கங்களில் நீரைத் தொட்டு நிற்கும் குட்டி இறக்கைகள் விமானம் சரியாமல் தாங்கும், எரிபொருளையும் சுமக்கும், பயணிகள் ஏறும் மேடையாகவும் பயன்படும். இறக்கைக்குள்ளே, ஆள் குனிந்து செல்லக்கூடிய சுரங்கவழி. பறக்கும்போதே பொறியாளர் அதற்குள் போய் இயந்திரத்தின் பின்புறத்தைப் பார்க்கலாம். 1938 ஜூனில் முதற் சோதனையின்போது ஒரே வாலோடு எழுந்த விமானம் திரும்ப மறுத்துவிட்டதாம். விமானி எடி அலன் இயந்திரங்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். பிறகு இரண்டு வால் வைத்துப் பார்த்து, கடைசியில் மூன்றில் நிலைத்தார்கள்.

கீழ்த்தளத்தில் அறை அறையாகச் சாய்விருக்கைகள், பகலில் 74 பேருக்கு. இரவில் அவையே திரைபோட்ட படுக்கைகளாகும். நடுவிலுள்ள கூடம் உணவு வேளையிற் சாப்பாட்டறை. பரிமாறுபவர்கள் எல்லோரும் ஆண்கள். வால் முனையில் ஒரு தனி அறை, புதுமணத் தம்பதியருக்காம். இருக்கையில் அமர்ந்து காலை நீட்டிப் பார்த்தேன், முன்னிருக்கை எட்டவில்லை. ஆனால் வேகம் மணிக்கு 180 மைல் அளவே. மோசமான காலநிலையைத் தாண்டி மேலே ஏறவும் முடியாது. அசோர்ஸ் தீவுகளின் ஹோர்ட்டாவில் அலை சற்று உயர்ந்தாலே நாட்கணக்கிற் காத்துக் கிடக்க வேண்டும். சொகுசு என்று நாம் இன்று பெருமூச்சு விடுவதிற் பெரும்பகுதி, அத்தனை நேரத்தை எப்படியாவது போக்க வேண்டும் என்ற கட்டாயத்திற் பிறந்தது.

ஐரிஷ் கோப்பியும் இங்கே பிறந்ததுதான். 1943 குளிர்காலத்து இரவொன்றில், காலநிலை கெட்டுத் திரும்பி வந்த விமானத்தின் நடுங்கும் பயணிகளுக்கு, சமையற் தலைவர் ஜோ ஷெரிடன் கோப்பியில் விஸ்கி ஊற்றிக் கொடுத்தார் என்று இங்கே சொல்கிறார்கள். நான் மது அருந்துவதில்லை. மகள் அருந்தி, மேலே மிதந்த பாலாடையைத் தவிர மீதியெல்லாம் வைத்தியர் தரும் மருந்து போல் இருக்கிறது என்றாள்.

நீரில் இறங்குவதன் ஆறுதலைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். ‘யாங்கி கிளிப்பர்’ 1943 பெப்ரவரி 22ஆம் திகதி மாலை லிஸ்பனில், இறங்கத் திரும்பும்போது இறக்கை நுனி டேகஸ் ஆற்று நீரைத் தொட்டு நொறுங்கியது. 39 பேரில் 24 பேர் இறந்தார்கள். மறுபுறம், போருக்குப் பின் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறி ‘பேர்மியூடா ஸ்கை குவீன்’ என்று பெயர் பெற்ற போயிங் 314 ஒன்று, 1947 ஒக்டோபரில் இதே ஃபொயின்ஸிலிருந்து 69 பேரோடு எழுந்து, எதிர்க்காற்றில் எரிபொருள் தீரப்போகும் நிலையில், நடு அத்திலாந்திக்கில் நின்ற அமெரிக்கக் கரையோரக் காவற் கப்பல் ‘பிப்’ அருகில், மலை போன்ற அலைகளின் நடுவே இறங்கியது. கப்பலோடு மோதி மூக்கு நசுங்கியும் அது மிதந்தது. இறப்பர் மிதவைகளிற் சிறிது சிறிதாக 69 பேரையும் கப்பலில் ஏற்றினார்கள். ஆளில்லாமல் மிதந்த விமானம் மற்றக் கப்பல்களுக்கு இடையூறாகும் என்று, அதன் பின் கப்பலின் பீரங்கியாலேயே சுட்டு மூழ்கடித்தார்கள்.

ஆனால் அதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. போர் நடந்த ஆறு ஆண்டுகளில், குண்டுவீச்சு விமானங்களுக்காக, உலகின் மூலைமுடுக்கெல்லாம் கொங்கிறீற் ஓடுதளங்கள் கட்டப்பட்டுவிட்டன. நீரை நாட வேண்டிய தேவையே அற்றுப் போனது. டின்னர் கீயை 1945இல் கைவிட்ட பான் அமெரிக்கன், 1946 ஏப்ரலில் ஹொனலூலுவிலிருந்து வந்த பறப்போடு தன் பறக்கும் படகுகளை முடித்துக்கொண்டது. ஃபொயின்ஸிலிருந்து கடைசிச் சேவை 1945 ஒக்டோபரிற் போனது. ஓட்டியவர் சார்ள்ஸ் பிளேயர். அவர் பின்னாளில் மணந்த நடிகை மோரீன் ஓஹாரா 1989இல் இந்த நூதனசாலையைத் திறந்து வைத்தார். பான் அமெரிக்கனே 1991 டிசம்பர் 4ஆம் திகதி மூடப்பட்டது.

மாலையிற் பழைய கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஏறி நின்றோம். யன்னலுக்கு வெளியே முகத்துவாரம் விரிந்து கிடக்க, துறையிற் சரக்குக் கப்பல் ஒன்று எதையோ இறக்கிக்கொண்டிருந்தது. ஆற்றின் எதிர்க்கரையில், உள்ளே தள்ளி, நாங்கள் நேற்றிரவு புறப்பட்டு இன்று காலை இறங்கிய ஷனன் விமான நிலையம். பறக்கும் படகுகள் இங்கே வந்துபோன காலத்திலேயே அதைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள்; வேலை நடப்பது இந்த யன்னலிலிருந்து தெரிந்திருக்குமோ என்று பார்க்க முயன்றேன். மழை மறைத்தது.

நாளை அங்கிருந்து ரொறன்ரோவுக்குத் திரும்புகிறோம். வரிசை 34, நடு இருக்கை எனக்கு.